நோராவின் ஆறு நிமிஷம்

பனியை நான் நேரில் பார்த்ததில்லை. ஃபிரிட்ஜின் மேல்தட்டில் உறைந்து கிடப்பதைக் கரண்டிக் காம்பால் சுரண்டியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் மூன்று குளிர்காலம், அமெரிக்காவின் வடக்கே ஓர் ஏரிக்கரை ஊரில் எந்த வீட்டு முன்னால் கிடக்கும் பனியை எந்த வண்டி எத்தனை மணிக்குத் தள்ள வேண்டும் என்று முடிவு செய்தவள் நான்தான். இதை நீலசந்திராவில் எங்கள் தெருவில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் ஒருவர் ஏழு வண்டி வைத்திருந்தார். வண்டிக்கு முன்னால் அகலமான இரும்புத் தகடு இருக்கும். இரண்டு அங்குலத்துக்கு மேல் பனி விழுந்தால், இருநூற்று அறுபது வீடுகளில் தெருவிலிருந்து கார் நிற்கும் இடம் வரை பாதையைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அதுவும் வீட்டுக்காரர்கள் வேலைக்குக் கிளம்புவதற்குள். யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு, எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு என்று வரிசை போடும் வேலை ஹெப்பகோடி தாண்டி ஒரு மூன்று மாடிக் கட்டிடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. மூன்றாவது மாடியில் நாங்கள் பதினொரு பேர்.

அமெரிக்க வேலை என்றதும் ராத்திரி வேலை என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. பக்கத்து வீட்டில் ஒருத்தி, "பொட்டப்புள்ள ராத்திரில எங்க போறா?" என்று நான் பகல் பத்து மணிக்குக் கிளம்பும்போதே கேட்டாள். அங்கே விடிகாலை மூன்று மணிக்கு வண்டி எடுத்தால் இங்கே மத்தியானம் ஒன்றரை. நான் தயிர் சாதத்தை முடித்துக் கை கழுவும் நேரம் அவர்கள் இருட்டில் கிளம்புவார்கள். சாயங்காலம் ஆறரைக்கு நான் பை எடுத்தால் ஓசூர் ரோட்டில் மேம்பாலத்துக்குத் தோண்டிப் போட்ட பள்ளங்களையெல்லாம் தாண்டி எட்டு மணிக்கு வீட்டில் இருப்பேன்.

வரிசை போடுவதில் நான் கெட்டிக்காரி. இதில் அடக்கமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் வீடு முதலில், பள்ளிக்கூட வாத்தியார் பிறகு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் கடைசியில். ஒரு தெருவின் ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்ப வேண்டும். குறுக்கே குறுக்கே போனால் நேரம் வீண். இதை எனக்கு யாரும் டிரெய்னிங்கில் சொல்லித்தரவில்லை. என் அம்மா காந்தா மாநகராட்சி கான்ட்ராக்டில் தெருப் பெருக்குகிறவள். லாங்ஃபோர்ட் டவுனில் நாலு தெரு அவளுடையது. அவள் பின்னாலேயே சின்ன வயதில் நடந்தவளுக்கு இது தானாகவே தெரியும்.

ஆபீசில் எனக்கு டயானா என்று பெயர். தமயந்தி என்ற பெயரை அவர்கள் நாக்கு தாங்காதாம். டீம் லீடர் மஞ்சுநாத் அங்கே மைக். என் பக்கத்து சீட் லாவண்யா, வேலூரிலிருந்து வந்தவள், லாரா. டிரைவர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் நாங்கள் இந்தியாவில் உட்கார்ந்திருப்பது தெரியாது. ஓனருக்கு மட்டும் தெரியும். நாங்கள் யாரோடும் பேசக் கூடாது. அந்தப் பெயரைக் கீழே போட்டு வரிசையை அனுப்ப வேண்டும், திரையில் ஏழு புள்ளிகள் நகர்வதைப் பார்க்க வேண்டும், வீடு முடிந்தால் டிரைவர் ஒரு பொத்தானை அமுக்குவார், அந்த வரி பச்சையாகும்.

ஐந்தாம் வண்டி நோராவுடையது. பெயரைத் தவிர அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கிழவியா, என் வயதா, குண்டா, ஒல்லியா, எதுவும் தெரியாது. ஆனால் ஒரு ஆளின் புள்ளியைத் தினமும் நாலு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. இரண்டாம் வண்டிக்காரன் பெட்ரோல் பங்க் கண்டால் விடமாட்டான். ஆறாம் வண்டிக்காரனுக்கு எப்போதும் அவசரம். வளைவுகளில் அவன் புள்ளி பறக்கும். நோரா நான் போட்ட வரிசையை நான் போட்டபடியே ஓட்டுவாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டாள். அவளுடைய முப்பத்தெட்டு வீடுகளில் இருபத்தேழாவது. நான் நாலு நிமிஷம் கொடுத்திருப்பேன். அவள் பத்து நிமிஷம் நிற்பாள். பனி விழுந்த ஒவ்வொரு நாளும் அதே ஆறு நிமிஷம் கூடுதல். பத்து நிமிஷம் தாண்டினால் எங்கள் திரையில் மஞ்சள் விழும். மஞ்சள் விழுமுன் கிளம்பிவிடுவாள்.

முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். லாங்ஃபோர்ட் டவுனில் அம்மாவுக்கு ஒரு வீட்டில் தினமும் டீ கொடுப்பார்கள். கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும், மீட்டர் பெட்டிக்கு மேல் அவளுக்கென்று தனியாக வைத்த டம்ளரில்தான் கொடுப்பார்கள், ஆனாலும் சூடாகக் கொடுப்பார்கள். அந்த ஊரிலும் இருபத்தேழாம் வீட்டில் யாரோ ஒரு அம்மாள் சீக்கிரம் எழுந்து நோராவுக்கு ஒரு கோப்பை டீயோ காபியோ போட்டுக் கொடுக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன். லாவண்யாவிடமும் சொன்னேன். அவளும் நம்பினாள். அந்த அம்மாளுக்கு மூட்டுவலி இருக்கலாம் என்றுகூட நாங்கள் பேசிக்கொண்டோம்.

அதோடு விடவில்லை நான். முதல் வருஷம் அந்த வீடு நோராவின் பதினான்காம் வீடாக இருந்தது. அங்கே நாலு மணிக்கெல்லாம் யார் எழுந்து டீ போடுவார்கள்? ஐந்தரைக்கு வருவது போல் அதைப் பின்னால் தள்ளி இருபத்தேழாவது ஆக்கினேன். அதற்காக நாலு தெருவை மாற்றிப் போட வேண்டியிருந்தது. செய்தேன். நிம்மதியாகக் குடிக்கட்டும் என்றுதான். யாரும் கேட்காமல் யாருக்கும் தெரியாமல் ஒரு நல்லது செய்த திருப்தி எனக்கு இருந்தது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஒரு வண்டி இருபது நிமிஷம் அசையாமல் நின்றால் வரி சிவப்பாகி ஒரு பெட்டி திறக்கும். ஏன் நிற்கிறது என்று கேட்கும். டீசல், ரிப்பேர், இடைவேளை, வாடிக்கையாளர், தெரியவில்லை என்று ஐந்து காரணம் இருக்கும். 'தெரியவில்லை' என்று அமுக்கினால் ஓனர் வீட்டு போன் தானாக அடிக்கும். டிரைவருக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்டு, அவர் சொன்ன காரணத்தைத்தான் பதிய வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் வருஷம் அப்படித்தான் செய்தோம். எந்த டிரைவரும் பதில் அனுப்பவில்லை. பனியில் கையுறையைக் கழற்றிக்கொண்டு யார் மெசேஜ் தட்டுவார்கள்? நாங்கள் 'தெரியவில்லை' என்று போட, ஓனர் நாலு தரம் தூக்கத்திலிருந்து எழுந்து விசாரித்தால் நாலு தரமும் ஆள் காபிக் கடையில். இனிமேல் இதற்கெல்லாம் என்னை எழுப்பாதீர்கள் என்று கோபமாக மெயில் போட்டார்.

அன்றிலிருந்து மஞ்சுநாத் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். நாலு மணிக்கு எங்கள் மாடிக்கு ஃபிளாஸ்கோடு டீக்காரர் வருவார். அந்த நேரத்தில் சிவப்பு விழுந்தால் இடைவேளை என்று போட்டுவிட வேண்டும். "நமக்கு டீ டைம்னா அவங்களுக்கும் டீ டைம்தான், மனுஷங்கதானே" என்பார். இரண்டு குளிர்காலம் அது ஒரு நாளும் தப்பாகவில்லை.

2007 பிப்ரவரி, ஒரு புதன்கிழமை. பதினாலு அங்குலம் என்று முன்னறிவிப்பு வந்திருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி, அதோடு காற்று. ஆறு வண்டிகள் தாமதம். நோரா மட்டும் நான் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிஷம்தான் பின்னால். நம் நேரம் நாலு மணி இரண்டு நிமிஷத்துக்கு இருபத்தேழாம் வீட்டில் நின்றாள்.

நாலு பன்னிரண்டுக்கு மஞ்சள் விழுந்தது. டீக்காரர் வந்திருந்தார். நாலு இருபத்திரண்டுக்குச் சிவப்பு. ஒரு கையில் டீ. மறு கையால் இடைவேளை என்று அமுக்கினேன். பெட்டி மூடிக்கொண்டது. ஒரு தரம் காரணம் பதிந்துவிட்டால் அடுத்த முப்பது நிமிஷத்துக்கு அது எதுவும் கேட்காது.

நாலே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் லாவண்யா எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் அங்கயே நிக்கறா பாரு."

"இன்னைக்குக் குளிரு ஜாஸ்தி இல்ல. உள்ள கூப்ட்டு உக்கார வெச்சிருப்பாங்க."

"மீதி வீடு?"

"நான் பாத்துக்கறேன்."

பதினோரு வீடு பாக்கி. ஆறை இரண்டாம் வண்டிக்கும் ஐந்தை ஆறாம் வண்டிக்கும் பிரித்துக் கொடுத்தேன். அவர்கள் போகிற வழியிலேயே விழுவது போல் செருகினேன். நர்ஸ் ஒருத்தி இருந்தாள், அவளை முன்னால் தூக்கிப் போட்டேன். எட்டு நிமிஷத்தில் முடிந்தது. நன்றாகச் செய்திருக்கிறேன் என்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நோரா இன்னொரு கோப்பை குடிக்கட்டும் என்று நினைத்தேன்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு மறுபடி சிவப்பு விழுந்தது. இந்தத் தரம் டீ முடிந்துபோயிருந்தது. தெரியவில்லை என்று அமுக்கினேன். அங்கே ஓனர் எழுந்திருக்க வேண்டும், இரண்டாம் வண்டியைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். அதன் புள்ளி நான் கொடுத்த வரிசையை விட்டு விலகி ஐந்தாம் வண்டியை நோக்கிப் போயிற்று. ஐந்து மணி நாலு நிமிஷத்துக்கு இரண்டு புள்ளியும் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன.

அப்புறம் இரண்டும் நகரவில்லை. ஐந்து இருபத்துநாலுக்கு இரண்டாம் வண்டியின் வரியும் சிவப்பாகிப் பெட்டி திறந்தது. ஏன் நிற்கிறது என்று கேட்டது. ஐந்து காரணத்தையும் மேலிருந்து கீழே படித்தேன். மறுபடி படித்தேன். மஞ்சுநாத் என் தோளுக்கு மேலாகக் கை நீட்டி எதையோ அமுக்கினார்.

மறுநாள் அவர் எங்களையெல்லாம் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். நோரா வாசல்படியில் சறுக்கி விழுந்திருக்கிறாள். பின்மண்டையில் அடி. அடி பெரிதில்லையாம், மயக்கம்தானாம். குளிர்தான் கொன்றிருக்கிறது. அரை மணிக்குள் யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். ஐம்பத்தோரு வயது. எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்கள் என்றார். நின்றோம். வெளியே யாருடைய போனோ அடித்தது, அரை நிமிஷத்திலேயே உட்கார்ந்துவிட்டோம்.

எனக்கு அழுகை வரவில்லை. ஏன் பொய் சொல்ல வேண்டும். திகிலோ படபடப்போ எதுவும் இல்லை. மத்தியானம் கொண்டுபோன லெமன் ரைஸைத் தின்றேன். லாவண்யா டாய்லெட்டில் அழுதுவிட்டு முகம் கழுவி வந்தாள். அவளைப் பார்க்க எனக்கு அதிசயமாக இருந்தது. அன்றைக்கு மூன்று அங்குலம். ஆறு வண்டிக்கு வரிசை போட்டேன். ஐந்தாம் வண்டியின் வீடுகளைப் பிரித்துப் போட முப்பது நிமிஷம் கூட எடுத்தது. அவ்வளவுதான் எனக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை மஞ்சுநாத் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஓனரிடமிருந்து மெயில் வந்திருந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் பதிவேடு கேட்டார்களாம். அதில் அங்கத்திய நேரம் ஐந்து ஐம்பத்திரண்டுக்கு நோரா இடைவேளையில் இருந்ததாக இருக்கிறதாம். அதை அவளே தெரிவித்தாளா, உறுதிப்படுத்தவும் என்று இரண்டு வரி.

"இதுக்கு இன்னா அர்த்தம்?" என்றேன்.

மஞ்சுநாத் மல்லேஸ்வரத்துக்காரர். கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுவார். "நோடு, இங்க பாரு தமயந்தி. அந்தம்மா வேலைல செத்தாங்களா, பிரேக்ல செத்தாங்களா, அதான் கேள்வி. பிரேக்னா இன்சூரன்ஸ் கைவிட்டுடும். அது அவங்க ஊரு சமாச்சாரம். நம்ம சமாச்சாரம் வேற. டிரைவரைக் கேக்காம நாமளே காரணம் போட்டோம்னு தெரிஞ்சா கான்ட்ராக்ட் போச்சு. பதினொரு பேரு."

"நான்தான போட்டேன்."

"நீ போட்டது நான் சொன்ன ரூல்படி. உன்னைத் தப்பு சொல்லல. டிரைவர் தெரிவித்தபடி பதியப்பட்டதுன்னு ஒரு வரி எழுதிட்டேன். உன் ஓகே மட்டும் வேணும். சும்னே ஒரு ஓகே."

அவர் கெட்டவர் இல்லை. அந்த வருஷம்தான் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மேஜை மேல் போட்டோ இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு, "சரி" என்றேன். அவர் மெயிலை அனுப்பினார். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சீட்டுக்கு வந்து அடுத்த நாள் முன்னறிவிப்பைத் திறந்தேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா வேலைக் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சோறு போட்டாள். தின்றுகொண்டே சொன்னேன். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, அவள் ஏன் சும்மா இருக்கிறாய் என்று கேட்டாள், அதனால் சொன்னேன். பனி என்பதை அவளுக்குப் புரியவைக்க முடியாது என்று அதைக் குப்பை என்றே சொன்னேன்.

"எவ்ளோ நேரம் அப்டியே கெடந்தா?"

"ஒரு மணி நேரம்."

"நீ அதப் பாத்துக்கினே இருந்த."

"புள்ளிதாம்மா தெரியும். ஆளு தெரியாது."

"சரி, அதுக்கு இன்னா எழுதுன?"

"டீ குடிக்கறான்னு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தெனோம் அந்த வீட்டாண்ட ஆறு நிமிஷம் கூட நிப்பா. லாங்ஃபோர்ட் டவுன்ல உனக்குக் குடுக்கற மாதிரி குடுக்கறாங்கன்னு நெனச்சேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும்.

"எனக்குக் குடுக்கற டீய நான் ஆறு நிமிஷம் நின்னு குடிக்கறேன்னு எவன் சொன்னான் உனக்கு? கேட்டாண்ட நின்னு வாய் சுட ஊத்திக்கினு, டம்ளரக் கழுவிக் கவுத்துட்டு வர ஒரு நிமிஷம் ஆவுமா? மேஸ்திரி பைக்குல சுத்திக்கினு இருப்பான். ஒரு வாசல்ல நான் ஆறு நிமிஷம் நின்னேன்னா, அங்க எதுனா அடச்சிக்கினு இருக்குது, கைய வுட்டு எடுத்துக்கினு இருக்கறேன்னு அர்த்தம். காலேஜுக்கெல்லாம் போனியே, இது தெரியலியா உனக்கு."

பிறகு ரசம் ஊற்றினாள். நான் அதையும் தின்றேன்.

சனிக்கிழமை எனக்கு லீவு. ஆனாலும் போனேன். மாடியில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். எங்கள் வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தேன். முகவரி, பெயர், நேரம், பாதையின் நீளம் என்று எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே திரையில் தெரியும். அப்படித் தெரிய வேண்டும் என்று முதல் வருஷம் கடைசி மூன்று பத்திகளை மறைத்து வைத்தது நான்தான். பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்ப்பது எனக்கு எரிச்சல். மஞ்சுநாத் பாராட்டினார். எல்லார் கம்ப்யூட்டரிலும் அப்படியே செய்யச் சொன்னார்.

மறைத்ததை விரித்தேன். பெரும்பாலான வீடுகளுக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இருபத்தேழாம் வீட்டுக்கு எழுதியிருந்தது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆள் இருப்பது போல் தெரிய வேண்டும். முன்படிகள் ஒன்பதையும் கையால் சுத்தம் செய்யவும்.

இரண்டு தரம் படித்தேன். அந்த வீட்டில் மூட்டுவலிக்காரி யாரும் இல்லை. அடுப்பே மூட்டியிருக்க மாட்டார்கள். ஒன்பது படி. வண்டியை நிறுத்தி, இறங்கி, கையால் வாரி வாரிப் போட்டுவிட்டு ஏற ஆறு நிமிஷம். யாரும் ஏறாத படி. அதைத்தான் மூன்று குளிர்காலமாக நான் டீ என்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

அங்கேயே உட்கார்ந்து ஓனருக்கு மெயில் எழுதினேன். இடைவேளை என்று போட்டது நான். நோரா எதுவும் சொல்லவில்லை. நான் அவளைக் கேட்கவும் இல்லை. நேற்று வந்த பதில் பொய், அதற்கும் சரி என்றது நானே. அந்த வீட்டில் ஒன்பது படி இருக்கிறது, அவள் படியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள், தினமும் செய்வாள், மூன்று வருஷப் பதிவையும் பாருங்கள், ஒவ்வொரு நாளும் பத்து நிமிஷம் நின்றிருக்கிறாள். இவ்வளவுதான் எழுதினேன். கீழே தமயந்தி என்று போட்டேன். அனுப்பிய பிறகுதான் மஞ்சுநாத்தின் குழந்தை ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் ஓனர் போனில் இருந்தார். மஞ்சுநாத் என்னிடம் ரிசீவரைக் கொடுத்துவிட்டுச் சன்னல் பக்கம் போய் நின்றார். மூன்று வருஷத்தில் அன்றுதான் முதல் தரம் அவர் குரலைக் கேட்டேன். களைத்த குரல். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

தமயந்தி என்றால் யார் என்று கேட்டார். டயானாதான் என்றேன்.

நீதானா டயானா என்றார். நோரா உன்னைப் பற்றிச் சொல்வாள் என்றார்.

எனக்குப் புரியவில்லை. என்ன சொல்வாள் என்று கேட்டேன்.

அந்தப் படிகளுக்கு நாலு நிமிஷம் போதாது, வரிசை போடுகிற டயானாவிடம் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வாளாம். இவர் சொல்கிறேன் என்பாராம். சொன்னதில்லை. சென்ற வருஷம் இன்னொன்றும் கேட்டாளாம். அந்த வீட்டை ஏன் பின்னால் தள்ளினார்கள், இருபத்தாறு வீடு முடித்து வந்து படி வாரும்போது கை மரத்துப்போகிறது, முன்பு போல் முன்னாலேயே வைக்கச் சொல்லுங்கள் என்றாளாம். அதையும் இவர் சொல்லவில்லை. நாலு நிமிஷ டயானா என்றுதான் மற்ற டிரைவர்களிடம் என்னைச் சொல்வாளாம்.

இன்சூரன்ஸ்காரர்களுக்கு உன் மெயிலை அனுப்பியிருக்கிறேன், வேலையில் இறந்ததாகத்தான் முடிவாகும், அவள் பெண்ணிடமும் சொல்லிவிட்டேன் என்றார். இந்த சீசன் முடியட்டும், அப்புறம் உங்களோடு வேலை இல்லை என்றார். விடிவதற்குள் இங்கே ஆறு அங்குலம் விழும், வரிசையை நேரத்துக்கு அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மஞ்சுநாத் திரும்பவில்லை. "என்ன சொன்னார்?" என்று மட்டும் கேட்டார். "ஆறு அங்குலம்னார்" என்றேன்.

சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். லாவண்யா தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். ஐந்தாம் வண்டிக்குப் புது ஆள் போட்டிருந்தார்கள். பெயர் இருந்தது, நான் படிக்கவில்லை. பாதையில் யாருக்கும் இடைஞ்சல் வராமல், அந்த வீட்டை இருபத்தேழிலிருந்து எடுத்து முதல் வீடாக வைத்தேன். நாலு என்று இருந்ததை அழித்துப் பத்து என்று போட்டேன். அதனால் கடைசி வீட்டுக்கு ஆறு நிமிஷம் தாமதமாயிற்று. அன்றைக்கும் சரி, அந்த சீசன் முடியும் வரைக்கும் சரி, யாரும் அதைப் பற்றி ஒரு புகாரும் சொல்லவில்லை.